மரமும் காடும் கேட்கும் குறுக்கெழுத்துக் குறிப்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறுக்கெழுத்துப் புதிரின் குறிப்பில் மரம், காடு, சோலை ஆகிய சொற்களில் ஒன்று கண்ணில் பட்டவுடன் விடை எளிதில் அகப்பட்டுவிடும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. ஆல், அரசு, வேம்பு, புளி, பனை என்று மரப்பெயர்கள் நம் நாவில் எப்போதும் இருப்பவை. கட்டங்களின் எண்ணிக்கை ஒத்துவந்தால் பேனா உடனே இறங்கிவிடுகிறது. பிறகு குறுக்கே வரும் சொல் இசையாமல் போகும்போதுதான் தவறு தெரிய வருகிறது. இத்தவறுகளில் பெரும்பாலானவை மரப்பெயர்கள் தெரியாததால் நேர்பவை அல்ல. குறிப்பை முழுவதும் படிக்காமல், அதிலுள்ள ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுவதால் நேர்பவை.

திவாகரம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் (செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூல்கள்) தமிழ்ச் சொற்களை 12 தொகுதிகளாகப் பகுத்து வைத்திருக்கின்றன. அவற்றுள் 4-ஆவது மரப்பெயர்த் தொகுதி. 11-ஆவது, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும் தொகுதி; சூடாமணியின் அந்தப் பகுதி ‘பதினோராம் நிகண்டு’ என்று தனிப்பெயரே பெற்றது. விடை காண்போர் பலர் 4-ஆவது தொகுதியில் தேடிக்கொண்டிருக்க, புதிர் அமைப்பவரோ 11-ஆவது தொகுதியில் அமர்ந்திருக்கிறார் என்பதே இந்தக் கட்டுரையின் முதன்மையான செய்தி. தமிழில் மரத்தின் பெயராக மட்டும் நிற்கும் சொற்கள் குறைவு. வேங்கை மரமும் ஆகும், புலியும் ஆகும். அத்தி மரமும் ஆகும், யானையும் ஆகும். வன்னி என்பது மரம், நெருப்பு, இலங்கையின் வடபுலத்திலுள்ள ஒரு நிலப்பரப்பு ஆகிய மூன்றையும் குறிக்கும். காஞ்சி மரமாகவும் ஊராகவும் புறத்திணையாகவும் இருக்கிறது. அரசு ஆட்சி செய்கிறது, நாவல் நெடுங்கதையாகிறது, வேல் முருகன் கையில் இருக்கிறது, உடை உடலில் இருக்கிறது.

“பாயும் விலங்கு பூத்து நிற்கும் (3)” என்ற குறிப்பை எடுத்துக்கொள்வோம். பூத்து நிற்பது என்றவுடன் கொன்றை அல்லது புன்னை என்று எழுதிவிடுவது முதல் தவறு. இரண்டும் மூன்றெழுத்துச் சொற்கள்தாம். இரண்டும் பூக்கும் மரங்கள்தாம். ஆனால் ‘பாயும் விலங்கு’ என்ற பகுதி அங்கே ஏன் வந்தது என்ற கேள்விக்கு அவற்றால் பதில் சொல்ல முடியாது. வேங்கையால் முடியும். “ஓலை தரும் ஆறு (3)” என்பதற்குத் தென்னை என்று எழுதுபவரும் ஆற்றை மறந்துவிடுகிறார். பனைக்கும் ஆற்றுக்கும் பொதுவான பெண்ணை என்பதே விடை. இறுதி எழுத்து னையா ணையா என்பது, குறுக்கே வரும் சொல் பிழைக்குமா பிழைக்காதா என்பதையே முடிவு செய்துவிடும். குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் விடை கணக்குச் சொல்ல வேண்டும். ஒரு சொல் மிஞ்சி நின்றாலும் எழுதிய விடையை ஐயத்தோடு பார்ப்பது நல்லது.

காட்டைக் குறிக்கும் சொற்களிலும் இதே நிலைதான். கானம் என்பது காடும் பாட்டும் ஆகும். கடம் என்பது காடும் வாத்தியமும் ஆகும். “தட்டி வாசிக்கும் காடு (3)” என்று குறிப்பு வந்தால் அடவி, வனம் என்று ஓடவேண்டியதில்லை. புறவு முல்லைநிலக் காட்டையும் புறாவையும் ஒருங்கே குறிக்கும். முல்லை என்ற சொல்லில் ஒரு தனி இடர் இருக்கிறது: அது காடும் காடு சார்ந்த நிலமும் ஆகும், ஆனால் அந்தப் பெயருக்குரிய செடி மரம் அன்று, கொடி. “திணைக்குப் பெயர் தந்த மரம்” என்று கேட்டால் மருதம் அல்லது பாலை என்று எழுதலாமே தவிர முல்லை என்று எழுதலாகாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. குறிப்பில் மரம் என்ற சொல்லே இல்லாதபோது, விடை மரப்பெயராக இருக்கலாம் என்ற நினைவே பலருக்கு வருவதில்லை. “நேர் நேர் (2)” என்று மட்டும் குறிப்பு இருந்தால் அது நேர், நிரை என்று அசைகளைப் பகுக்கும் யாப்பிலக்கணத்தைக் கேட்கிறது, விடை தேமா. நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம் என்று ஈரசைச் சீர்களின் வாய்பாடுகள் நான்கும் மரப்பெயர்களாகவே அமைந்திருப்பது புதிர் அமைப்பவர்களுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். மூவேந்தர் மாலைகளும் இவ்வாறே: சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. சேரன் மாலையைக் கேட்டு மூன்று கட்டங்கள் தரப்பட்டிருந்தால் பனை என்று எழுதிவிட்டு ஒரு கட்டம் மிஞ்சுகிறதே என்று திகைக்க வேண்டாம். போந்தை என்ற இலக்கியச் சொல் அங்கே பொருந்தும். சோழனுக்கு இரண்டே கட்டங்கள் என்றால் ஆர். கோயில் மரங்களைக் கேட்கும் குறிப்புகளில் ஊரை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். மதுரைக்குக் கடம்பு, காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலுக்கு மா, திருவானைக்காவுக்கு வெண்ணாவல், திருநெல்வேலிக்கு மூங்கில், குற்றாலத்துக்குக் குறும்பலா. மதுரைக்கு ஆலவாய் என்ற பெயரும் இருப்பதால் ஆல் என்று எழுதிவிடுவோர் உண்டு; அந்தப் பெயர்க்கதை பாம்பைப் பற்றியது, மரத்தைப் பற்றியது அன்று.

எழுத்துகளை எண்ணுவதில் நேரும் பிழையைச் சிறிய செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ்க் குறுக்கெழுத்தில் உயிரெழுத்துக்கு ஒரு கட்டம், உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்க்கும் ஒரு கட்டம். ஆகவே தேக்கு மூன்று கட்டங்கள், இலுப்பை நான்கு கட்டங்கள். ஒலியசையை வைத்து எண்ணுபவர்கள் மெய்யெழுத்தை விட்டுவிடுகிறார்கள்; கணினியில் எழுத்துகளை எண்ணிப் பார்ப்பவர்கள் துணைக்குறிகளையும் சேர்த்து எண்ணித் தேக்கு என்பதற்கு ஆறு என்று கணக்கிட்டுவிடுகிறார்கள். இரண்டும் உதவா. திசையைப் பார்க்காமல் நிரப்புவதும் இதைப் போன்ற பிழையே. இதழ்களில் வரும் புதிர்கள் பலவற்றில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பவற்றோடு வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்ற பகுதிகளும் இருக்கும்.

மரம் என்ற சொல் விடையோடு சேர்ந்து வருமா வராதா என்பதைக் கட்டங்களின் எண்ணிக்கையே சொல்லும். ஆனால் சேரும்போது முன்சொல் உருமாறும் என்பதை மறக்கக்கூடாது. மாரியம்மனுக்கு உகந்த மரத்தை ஆறு கட்டங்களில் கேட்டால் வேப்பமரம் என்று எழுத வேண்டும். வேம்புமரம் என்று எழுதினாலும் ஆறு கட்டங்கள் நிரம்பிவிடும் என்பதால் பிழை உடனே வெளிப்படுவதில்லை. இரண்டாவது, மூன்றாவது கட்டங்களை வெட்டிச் செல்லும் சொற்கள் இரண்டும் கெட்ட பிறகே தெரிகிறது. புளியில் இந்தத் தொல்லை இல்லை: புளிமரம் ஐந்து, புளியமரம் ஆறு, எண்ணிக்கையே காட்டிக்கொடுத்துவிடும்.

புணர்ச்சி விதிகளைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டவர்கள் மரக் குறிப்புகளில் மிகவும் இடர்ப்படுகிறார்கள். தமிழ் இலக்கணம் மரப்பெயர்ப் புணர்ச்சிக்குத் தனி விதிகளே வகுத்திருக்கிறது. அவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, வழக்கில் உள்ள வடிவங்களைக் கூர்ந்து பார்த்தாலே போதும். மா என்பதோடு காய் சேர்ந்தால் மாங்காய், தோப்பு சேர்ந்தால் மாந்தோப்பு, பழம் சேர்ந்தால் மாம்பழம். இடையே தோன்றும் மெல்லெழுத்து, பின்னால் வரும் வல்லெழுத்துக்கு இனமானது. இதைத் திருப்பிப் பயன்படுத்தலாம்: குறுக்குச் சொல்லிலிருந்து ங் என்ற எழுத்து கிடைத்துவிட்டால் அடுத்த கட்டத்தில் ககர வரிசை எழுத்து ஒன்று வருவது ஏறத்தாழ உறுதி, ந் கிடைத்தால் தகர வரிசை. ஆனால் அங்கேயும் நின்று பார்க்க வேண்டும். மாங்காய், மாங்கனி, மாங்காடு ஆகிய மூன்றும் நான்கெழுத்துச் சொற்கள். முதல் இரண்டு கட்டங்கள் மூன்றுக்கும் ஒன்றே. புளிப்பைக் கேட்கிறதா, இனிப்பைக் கேட்கிறதா, அம்மன் கோயில் கொண்ட ஊரைக் கேட்கிறதா என்று குறிப்பைத்தான் மீண்டும் படிக்க வேண்டும்.

ஊர்ப்பெயர்களில் காடு வரும்போது முன்சொல்லை மீட்டெடுப்பது கடினம். வேல மரங்கள் செறிந்த ஊரை நான்கு கட்டங்களில் கேட்டால் வேற்காடு என்று வரும். வேல்காடு என்று எழுதினாலும் நான்கு கட்டங்கள்தாம், பிழையும் அதே அளவு மறைவானதுதான். மொழிபெயர்ப்பாகவே அமைந்த ஊர்ப்பெயர்களும் உண்டு. திருமறைக்காடும் வேதாரண்யமும் ஒரே ஊர். மறை வேதமாகவும் காடு ஆரண்யமாகவும் மாறியிருக்கின்றன. ஆறு கட்டங்களானால் வேதாரண்யம், ஏழு கட்டங்களானால் திருமறைக்காடு, ஐந்தானால் மறைக்காடு. “நான்மறை வளர்ந்த வனம்” என்பது போன்ற குறிப்பைப் பார்த்துக் காட்டின் வகைகளை எண்ணிக்கொண்டிருப்பவர், கடற்கரையில் உப்பளங்களுக்கு நடுவே உள்ள அந்த ஊரை எட்டவே முடியாது.

இரண்டு சொற்களைக் கூட்டி விடை தரும் குறிப்புகளிலும் புணர்ச்சி ஒளிந்திருக்கும். “தண்டும் கடலலையும் சேர்ந்தால் சோலை (4)” என்பதில் தண்டு, அலை இரண்டையும் அப்படியே அடுக்கினால் ஐந்து கட்டங்கள் வேண்டும். புணர்த்தினால் உகரம் கெட்டுத் தண்டலை என்று நான்கில் அடங்கும். மருத நிலத்தை வருணிக்கும்போது கம்பர் மயில்களை ஆடவிட்டது இந்தத் தண்டலையில்தான். அந்தப் பாட்டை ஒருமுறை வாய்விட்டுப் படித்தவருக்கு இச்சொல் மறக்காது. சொற்பட்டியல்களை விடப் பாடல்களே புதிருக்கு நல்ல துணை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சொல்லை வெட்டியும் கலைத்தும் விடை கேட்கும் மறைகுறிப்புகளில் மரத்துக்கே உரிய ஒரு சூழ்ச்சி இருக்கிறது. பிற பொருள்களைப் பற்றிய குறிப்பில் ‘வெட்டிய’, ‘உதிர்ந்த’, ‘முறிந்த’, ‘சாய்ந்த’ போன்ற சொற்கள் வந்தால் அவை துருத்திக்கொண்டு நின்று, இது எழுத்துகளுக்கான கட்டளை என்று காட்டிவிடும். மரத்தைப் பற்றிய குறிப்பில் அவை இயல்பாகப் பொருந்திவிடுகின்றன. மரம் என்றால் வெட்டப்படும், இலை என்றால் உதிரும். ஆகவே படிப்பவர் அவற்றை வருணனை என்று எண்ணிக் கடந்துபோகிறார். “கடம்பில் கடை உதிர்ந்தால் காடு (3)” என்பதில் உதிர வேண்டியது இலை அன்று, கடைசி எழுத்து. கடம்பு என்பதில் பு நீங்கினால் கடம். “பலாசின் கடை முறிந்தால் பழுக்கும் மரம் (2)” என்பதில் விடை பலா. “தருமம் குலைந்தால் வயலோர மரம் (4)” என்பதில் அறத்தைப் பற்றிய கவலை எதுவும் இல்லை. தருமம் என்ற சொல்லின் த, ரு, ம, ம் ஆகிய நான்கு எழுத்துகளும் இடம் மாறி மருதம் ஆகின்றன. ‘அடி’ என்ற சொல் வந்தால் மட்டும் சற்றுத் தயங்குவது நன்று. மரத்துக்கு அடி கீழே இருக்கிறது; கிடைவரிசையில் எழுதப்பட்ட சொல்லுக்கு அடி எது என்பதை அமைப்பவரின் வழக்கத்தை வைத்துத்தான் அறிய முடியும். மேலிருந்து கீழாக எழுதும் விடையில் அது கடைசி எழுத்து என்று கொள்வதில் தடையில்லை.

ஒளித்து வைக்கும் குறிப்புகளில் நிறுத்தக்குறிகளை நம்பக்கூடாது. “‘வரவா, கைநிறையப் பூவோடு?’ என்றவர் மறைத்த வெற்றி மரம் (2)” என்பதில் காற்புள்ளியைத் தாண்டிச் சேர்த்துப் படித்தால் வாகை தெரியும். தமிழ்ச் சொற்கள் மெய்யெழுத்தில் தொடங்குவதில்லை என்பதால், சொல்லெல்லையைக் கடந்து தேக்கு, வேம்பு போன்றவற்றை ஒளிப்பது அமைப்பவருக்கு எளிதன்று. வாகை, பலா, மகிழ் போல் இடையில் மெய் வராத பெயர்களையே அங்கே முதலில் தேட வேண்டும்.

உறுப்புகளின் பெயர்களில் நாம் காட்டும் கவனக்குறைவு எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. கிளை என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறோம். தேவநேயப் பாவாணர் எடுத்துக்காட்டிய வரிசைப்படி அடிமரத்திலிருந்து பிரியும் பெருங்கிளை கவை, கவையிலிருந்து பிரிவது கொம்பு அல்லது கொப்பு, அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து சினை, சினையிலிருந்து போத்து, போத்திலிருந்து குச்சு, குச்சிலிருந்து இணுக்கு. குறுக்கெழுத்தில் இந்த வேறுபாடுகள் உயிர்நாடியானவை. கவை, கிளை, சினை மூன்றும் ஈரெழுத்துச் சொற்கள். கொம்பும் கொப்பும் நடுவெழுத்தில் மட்டுமே வேறுபடுபவை. இலையிலும் இத்தகைய வகைகள் உண்டு: வேம்புக்கு இலை, பனைக்கும் தென்னைக்கும் ஓலை, நெல்லுக்குத் தாள், கரும்புக்கும் சோளத்துக்கும் தோகை. பிஞ்சிலும் அவ்வாறே: மாவின் பிஞ்சு வடு, பலாவின் பிஞ்சு மூசு, தென்னையின் பிஞ்சு குரும்பை, வாழையின் பிஞ்சு கச்சல். “பலாவின் இளமை (2)” என்பதற்குப் பிஞ்சு என்று எழுத முயன்று மூன்று எழுத்தாகிறதே என்று வருந்துபவருக்கு, நம் உழவர்களின் பேச்சில் இன்னும் வழங்கும் இச்சொற்களே துணை.

தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வைரம், அதாவது கெட்டியான பகுதி, உடையவற்றை மரம் என்றும் வெளியே வைரம் உடையவற்றைப் புல் என்றும் பகுக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினம். “தொல்காப்பியர் கண்ட உயர்ந்த புல் (2)” என்று குறிப்பு வந்தால் அருகையோ கோரையையோ நினைக்காமல் பனையை நினைக்க வேண்டும். தமிழ்நாட்டின் மாநில மரம் எது என்று கேட்டாலும் விடை அதே பனைதான்.

காட்டைப் பற்றிய பொது அறிவுக் குறிப்புகளில் ‘முதல்’ என்ற சொல்லைக் கவனித்துப் படிக்க வேண்டும். தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகத்தைக் கேட்டால் முதுமலை என்று எழுதுபவர்கள் பலர். முதுமலை 1940-இல் வனவிலங்குச் சரணாலயமாகிவிட்டது உண்மை. ஆனால் புலிகள் காப்பகமாக முதலில் அறிவிக்கப்பட்டது 1988-இல் களக்காடு முண்டந்துறை. சோலை என்ற சொல்லிலும் இருவேறு பொருள்கள் உள்ளன. இலக்கியத்தில் அது மரங்கள் அடர்ந்த இனிய இடம். நீலகிரி, ஆனைமலை, பழனி மலை போன்ற உயரமான மலைகளில் புல்வெளிகளுக்கு நடுவே, மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் குட்டையான பசுமைமாறாக் காட்டுக்கும் அதுவே பெயர். பிச்சாவரத்தைச் சொல்லிக் காட்டின் வகையைக் கேட்டால் அலையாத்தி. அங்கே நிற்கும் மரங்களைக் கேட்டால் சுரபுன்னை, தில்லை. வகையைக் கேட்கும் இடத்தில் மரத்தையும், மரத்தைக் கேட்கும் இடத்தில் வகையையும் எழுதிவிடுவது அடிக்கடி நேர்கிறது.

எழுத்து வேறுபாடுகளும் வட்டார வழக்குகளும் எஞ்சுகின்றன. அரண்யம், ஆரண்யம், ஆரணியம் மூன்றும் ஐந்தெழுத்துச் சொற்கள். முதல் கட்டமும் மூன்றாவது கட்டமும் குறுக்குச் சொற்களால் உறுதியாகும்வரை எதையும் மையால் எழுதலாகாது. கம்பர் காவியத்தின் காண்டத்தைச் சுட்டியிருந்தால் ஆரணியம் என்று துணியலாம். வட்டார வழக்கில் இலங்கைத் தமிழ் நினைவில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் முந்திரி என்பது அங்கே மரமுந்திரிகை. இங்கே சீத்தாப்பழம் என்பது அங்கே அன்னமுன்னா. இவற்றை எழுத்தெண்ணிக்கையே பிரித்துக் காட்டிவிடும். பப்பாளியில் அந்த உதவியும் இல்லை. தமிழ்நாட்டில் பப்பாளி, இலங்கையில் பப்பாசி. இரண்டும் நான்கெழுத்து, முதல் மூன்றும் ஒன்றே. புதிர் எந்த நாட்டு இதழில் வந்தது என்று பார்த்துவிட்டு, அப்போதும் கடைசிக் கட்டத்தை வெறுமையாக விட்டு, அதை வெட்டிச் செல்லும் சொல்லை முதலில் கண்டுபிடிப்பதே சரியான முறை.